டின்னில் எண்ணெய் இருந்தும் ஃபிரையர் தானாக நிரப்பவில்லை: இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது?

மண்டபம் மீன்கடை

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில், பாம்பன் பாலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையோரம், கணவாய், இறால், நெத்திலி பொரித்து விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். எட்டு ஆண்டுகள் இருப்புச்சட்டியிலேயே பொரித்துப் பழகியவன். மதுரையில் மூடப்பட்ட ஒரு துரித உணவகத்தின் சாமான்கள் விலைக்கு வந்தபோது, இரட்டைத் தொட்டி உள்ள கேஸ் ஃபிரையர் ஒன்றை வாங்கிப் போட்டேன். ஒவ்வொரு தொட்டியும் ஏறக்குறைய 15 லிட்டர் கொள்ளும். கீழே கதவைத் திறந்தால் எண்ணெய் டின் வைக்க இடமும், அதிலிருந்து உறிஞ்சும் ஒரு குழாயும், சிறிய பம்ப்பும் இருக்கின்றன. எண்ணெய் குறையக் குறைய அது தானாகவே ஊற்றிக்கொள்ளும் என்று விற்றவர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியவில்லை. கையேடும் கிடைக்கவில்லை.

மூன்று சங்கதிகள் எனக்குப் பிடிபடவில்லை. முதலாவது, காலையில் தொட்டியின் சுவரில் தெரியும் கோடு வரை எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தால், பொரிக்கும் சூடு வருவதற்குள் மட்டம் கோட்டைத் தாண்டி ஏறிவிடுகிறது; முதல் கூடை கணவாயை இறக்கியதும் நுரைத்து, விளிம்பில் வழிந்து தரைக்கு வருகிறது. இரண்டாவது, மதியம் ராமேசுவரம் போய்த் திரும்பும் வண்டிகள் வரிசையாக நிற்கும் நேரத்தில், டின்னில் எண்ணெய் இருந்தும் தொட்டியில் மட்டம் ஒரு விரற்கடை இறங்கிவிடுகிறது, பம்ப் ஓடும் ஓசையே கேட்பதில்லை. மூன்றாவது, கூட்டம் ஓய்ந்தபின் சில நாட்களில் பம்ப் ஓடத் தொடங்குகிறது, ஆனால் மட்டம் ஏறுவதில்லை; சற்று நேரத்தில் முகப்பில் ஆரஞ்சு விளக்கு எரிந்து, பம்ப்பும் நின்றுவிடுகிறது. அப்போது டின்னைத் தூக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் கனக்கிறது.

வீட்டு மாடித் தொட்டியில் கம்பிகளைத் தொங்கவிட்டுத் தண்ணீர் மட்டத்தை அறிந்து மோட்டாரை நிறுத்துகிறார்களே, அதே ஏற்பாடுதான் இதிலும் இருக்கிறதா? கம்பி எதையும் காணோம். பின்சுவரில் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குமிழ் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தேவிபட்டினத்தான்

வணக்கம். வளைகுடாவில் துரித உணவகச் சமையலறைகளின் பராமரிப்பில் 14 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்தக் குமிழில்தான் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. மூன்றாவதற்கு மட்டும் டின்னையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மாடித் தொட்டியின் கம்பிகள் வேலை செய்வது தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால். சமையல் எண்ணெய் கடத்தாது. ஆகவே அந்த வழி இங்கே செல்லாது. மிதவை வைக்கலாமே என்றால், 180 டிகிரி சூட்டில் மாவும் பிசுக்கும் ஏறி, சில நாட்களில் அது இருந்த இடத்திலேயே இறுகிக்கொள்ளும். எனவே இந்த வகைக் கருவி மட்டத்தைப் பார்ப்பதே இல்லை, சூட்டைத்தான் தொட்டுப் பார்க்கிறது. அந்தக் குமிழ் ஒரு வெப்ப சென்சார். எண்ணெய் எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அந்த உயரத்தில் அதைப் பின்சுவரில் பொருத்தியிருப்பார்கள். தொட்டியின் ஆழத்தில் இன்னொரு சென்சார் எண்ணெயின் உண்மையான சூட்டைச் சொல்லிக்கொண்டிருக்கும். மேல் குமிழ் எண்ணெயில் முழுகியிருக்கும் வரை இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டைக் காட்டும். மட்டம் இறங்கிக் குமிழ் வெளியே வந்துவிட்டால் அது காற்றில் ஆறத் தொடங்கும். இரண்டுக்கும் இடையில் குறித்த அளவுக்கு மேல் வேறுபாடு வந்ததும், கன்ட்ரோலர் அந்தத் தொட்டிக்கான வால்வைத் திறந்து பம்ப்பை ஓட்டும். ஏறிய எண்ணெய் குமிழை மூடி, அது மறுபடியும் சூடேறியதும் பம்ப் நிற்கும். தொட்டியே குளிர்ந்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை அல்லவா? அதனால் பொரிக்கும் சூட்டை நெருங்கிய பிறகுதான் கன்ட்ரோலர் மட்டத்தைச் சோதிக்கத் தொடங்கும். காலையில் வெறும் தொட்டியை அது நிரப்பித் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் ஊற்று நம் கையால்தான்.

முதல் கேள்விக்கு வருகிறேன். எண்ணெய் சூடேறினால் விரியும், அதுவும் தண்ணீரைக் காட்டிலும் நன்றாகவே விரியும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் கொள்ளளவில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு கூடும் என்று கொண்டால், 30 டிகிரியிலிருந்து 180 வரை ஏறும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. உங்கள் 15 லிட்டர் பதினாறரை லிட்டராகிவிடும். தொட்டியின் மேற்பரப்பு 35க்கு 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்த ஒன்றரை லிட்டர் மட்டத்தை 12 மி.மீ. உயர்த்தும். இதற்காகவே பெரும்பாலான தொட்டிகளில் இரண்டு கோடுகள் போட்டிருப்பார்கள்: கீழ்க்கோடு குளிர்ந்த எண்ணெய்க்கு, மேல்கோடு சூடான எண்ணெய்க்கு. நீங்கள் பார்ப்பது மேல்கோடாக இருக்க வேண்டும். கீழ்க்கோடு பழைய பிசுக்குக்குள் மறைந்திருக்கலாம், தேய்த்துப் பாருங்கள். இல்லாவிட்டால் குமிழுக்கு 12 மி.மீ. கீழே நீங்களே ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். கூடை நிறையக் கணவாயை இறக்கும்போது அது தன் பருமனுக்குச் சமமான எண்ணெயை மேலே தள்ளுகிறது. ஒன்றரைக் கிலோ கணவாய் என்றால் ஒரு செ.மீ.க்கும் மேல் மட்டம் ஏறும். அதோடு ஆவி நுரையும் சேர்ந்து குமிழை மூடிவிடும். குமிழ் சூடாகவே இருப்பதால் கன்ட்ரோலருக்குக் குறை எதுவும் தெரியாது. கூடையைத் தூக்கி, எண்ணெய் அடங்கி, சூடு திரும்பும் அந்த இடைவெளியில்தான் அதற்கு உண்மை தெரியவரும். உங்கள் மதியக் கூட்டத்தில் அந்த இடைவெளியே இருக்காது போலும். ஆனால் ஒரு விரற்கடை இறங்கும் வரை பம்ப் வாய் திறக்கவில்லை என்பதால், இரண்டாவது காரணமே எனக்கு வலுவாகப் படுகிறது. எண்ணெய் கெட்டு இறுகிய பிசின், குமிழின்மேல் சட்டை போட்டதுபோலப் படிந்திருக்கும். அந்தச் சட்டை சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால், எண்ணெய் இறங்கிய பிறகும் குமிழ் தான் முழுகியிருப்பதாகவே நெடுநேரம் சொல்லிக்கொண்டிருக்கும்.

சென்சார் கெட்டுவிட்டதா, பிசுக்கு மட்டும்தானா என்று அறிய ஒரு மல்டிமீட்டர் போதும். இந்தக் கருவிகளில் பலவற்றில் இருப்பது பிளாட்டினம் மின்தடை சென்சார். பூஜ்யம் டிகிரியில் 1000 ஓம் காட்டும் வகை. அதுவானால் நம்மூர்க் காலை நேரச் சூடான 30 டிகிரியில் ஏறக்குறைய 1117 ஓமும், 180 டிகிரியில் 1685 ஓமும் காட்ட வேண்டும். இதை ஒட்டி இருந்தால் சென்சார் நலமாக இருக்கிறது என்று பொருள், புதிது வாங்கச் செலவழிக்க வேண்டாம். மீட்டரை வைக்கும்போதே வயர் முனைகளையும் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடலோரக் கடைகளில் உப்புப் படிந்து செம்பு முனை பச்சை பூத்துவிடும், அந்த முனையால் அளவு தவறிப்போகும்.

மூன்றாவது, ஆரஞ்சு விளக்கு. பம்ப் ஓடியும் குறித்த நேரத்துக்குள் குமிழ் சூடேறாவிட்டால், டின் காலியாகிவிட்டது என்று கன்ட்ரோலர் முடிவுகட்டி, விளக்கைப் போட்டு நிறுத்திவிடும். டின்னுக்குள் எட்டிப் பார்க்க அதற்குக் கண் கிடையாது. எண்ணெய் வந்து சேரவில்லை என்பது ஒன்றே அதற்குத் தெரியும். ஆகவே எண்ணெய் ஏன் வரவில்லை என்று தேட வேண்டும். குழாயின் நுனி டின்னின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொள்கிறதா, மடிந்திருக்கிறதா, டின்னின் வாய் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். சரிசெய்த பிறகு, முகப்பிலோ கதவுக்குள்ளோ இருக்கும் ரீசெட் பொத்தானை விளக்கு அணையும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் புது டின் வைத்தாலும் பம்ப் அசையாது.

தொண்டி சுக்குக்காப்பி

படிக்கும்போதே எனக்குக் களைப்பாக இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகளாக வடையும் பஜ்ஜியும் மீனும் போடுகிறேன். சட்டியில் எண்ணெய் குறைந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, கை எடுத்து ஊற்றுகிறது. அதற்கு ஒரு சென்சார், அதைக் கழுவ ஒரு ஆள், அது கெட்டால் மதுரையிலிருந்து மெக்கானிக் என்று போவானேன்? ஊற்றுவதற்கு நேரமில்லாத அளவுக்குக் கூட்டம் வந்தால் ஒரு பையனை வைத்துக்கொள்ளலாம். அவனுக்கு உப்புக் காற்றில் முனை பச்சை பூக்காது. தப்பாக நினைக்க வேண்டாம், மண்டபத்துத் தம்பியின் நட்டத்தை நினைத்துத்தான் சொல்கிறேன்.

கீழக்கரை அடுப்பங்கரை

தொண்டி அண்ணன் சொல்வது இருப்புச்சட்டிக்கு முழுக்கப் பொருந்தும். சட்டிக்குத் தீ அடியில் எரிகிறது. எண்ணெய் இரண்டு விரற்கடை குறைந்தாலும் மீதி எண்ணெய் அடியை மூடியே நிற்கும். இந்த ஃபிரையரில் தீ ஓடும் குழாய்கள் எண்ணெய்க்கு நடுவே கிடக்கின்றன. மட்டம் இறங்கிக் குழாயின் முதுகு வெளியே தெரிந்துவிட்டால், அதில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலம் கருகிப் புகையும், தீப்பிடிக்கவும் கூடும். ஏறக்குறைய 220, 230 டிகிரியில் கேஸை நிறுத்தும் பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் ஒன்று உண்டென்றாலும், அதுவும் எண்ணெயில் முழுகியிருந்தால்தான் எண்ணெயின் சூடு அதற்குத் தெரியும். குறைந்த எண்ணெய் கொள்ளும் தொட்டி என்பதால் ஒரு லிட்டர் குறைவதே இங்கே பெரிய குறை.

கையால் ஊற்றுவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கூட்டத்தில் நாம் ஊற்றுவது எப்போதும் மொத்தமாகத்தான் இருக்கும். 180 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரில் 30 டிகிரி எண்ணெயை மூன்று லிட்டர் ஒரே மூச்சில் ஊற்றினால், தீயின் உதவி வருவதற்குள் தொட்டி 155 டிகிரி வரை இறங்கிவிடும். அந்த நேரத்தில் போட்ட மீன் மொறுமொறுப்பாகாமல் எண்ணெயைக் குடித்துத் துவண்டு வரும். பம்ப் சிறிது சிறிதாக விடுவதால் சூடு பெரிதாகக் குறைவதில்லை. நோன்பு மாதத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் சம்சாவும் வடையும் மூச்சுவிடாமல் போட வேண்டிய என் கடையில், இந்த ஒன்றுக்காகவே கருவிக்குக் கொடுத்த காசு தகும் என்று நினைக்கிறேன்.

ஆனால் புது எண்ணெய் தானாகச் சேர்கிறதே, இனித் தொட்டியை மாற்றவே வேண்டாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். எண்ணெய் கெடுவதை அளக்க டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ் எனப்படும் முனைவுச் சேர்மங்களின் அளவைப் பார்க்கிறார்கள். அது 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒரு பேச்சுக்கு, நாளொன்றுக்கு அது 3 புள்ளி கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பொரித்த பண்டம் குடித்துக்கொண்டு போன இடத்தில் அன்றாடம் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு புது எண்ணெய் வந்து சேர்ந்தால், கூடுவதும் கழிவதும் 15 அளவில் சமன்பட்டு நின்றுவிடும். பத்தில் ஒரு பங்கே சேர்ந்தால் அது 30-ஐ நோக்கிப் போகும். 25-ஐ வழியிலேயே தாண்டிவிடும். அதாவது வியாபாரம் நன்றாக ஓடும் மாதத்தில் இந்த ஏற்பாடு எண்ணெயைக் காக்கும், மந்தமான மாதத்தில் பம்ப் பழுதில்லாமல் இருந்தாலும் எண்ணெய் கெடும். மீனுக்கு மசாலா தடவிப் போடுபவர்களுக்கு இது இன்னும் விரைவாக நடக்கும். நம் முண்டு மிளகாய்த் தூள் எண்ணெயில் உதிர்ந்து கருகும் வேகத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, நான் பட்டது. ஓர் ஐப்பசி மழையில், வாய் திறந்த எண்ணெய் டின் ஒன்று தாழ்வாரத்தில் இருந்துவிட்டது. சாரல் புகுந்தது யாருக்கும் தெரியவில்லை. மேலே பார்த்தால் எண்ணெய் எண்ணெயாகத்தான் தெரிந்தது. மறுநாள் அதைக் கருவிக்குள் வைத்துவிட்டார்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் தங்கும். உறிஞ்சும் குழாயின் நுனி இருப்பதும் அடியில்தான். ஆக, பம்ப் முதலில் எடுத்தது தண்ணீரை. அது தொட்டிக்குள் போன நொடியில் ஆயிரம் மடங்குக்கும் மேல் ஆவியாக விரிந்து, எண்ணெயை மேற்கூரை வரை வாரி இறைத்தது. எங்கள் மாஸ்டரின் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து, திறந்த டின் எதுவாக இருந்தாலும், கருவிக்குள் வைக்கும் முன் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் என் கடையில் வைக்க விடுவதில்லை.

மண்டபம் மீன்கடை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வெள்ளியன்று கடைக்கு விடுமுறை விட்டு, தேவிபட்டினம் ஐயா சொன்ன வரிசையிலேயே பார்த்தேன்.

மூன்றாவது சங்கதியில்தான் முதல் விடை கிடைத்தது. நான் வைத்திருந்தது வழக்கமான 15 லிட்டர் தகர டின். மூடியில் குழாயின் பருமனுக்குச் சரியாகத் துளை போட்டு, பூச்சி விழக் கூடாதே என்று சுற்றிலும் பிளாஸ்டிக் டேப்பையும் இறுக்கிச் சுற்றியிருந்தேன். கதவைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தால், டின்னின் இரண்டு பக்கங்களும் பசித்த வயிறுபோல உள்வாங்கியிருக்கின்றன. டேப்பைப் பிரித்ததும் உஸ்ஸென்று காற்று புகுந்தது, தகரம் டப்பென்று ஓசையிட்டுப் பழைய வடிவுக்கு வந்தது. இத்தனை நாளாக அந்தச் சிறு பம்ப் வெற்றிடத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறது. இப்போது மூடியின் மறுமூலையில் ஆணியால் ஒரு துளை போட்டு, அதன்மேல் மெல்லிய துணி கட்டியிருக்கிறேன். குழாய் நுனியும் அடியில் ஒட்டித்தான் கிடந்தது. அதைச் சாய்வாக வெட்டிவிட்டேன்.

அடுத்து குமிழ். எண்ணெயை வடித்துவிட்டுத் தொட்டியில் தண்ணீரும், பிசுக்கைக் கரைக்கும் காரத்தூளும் (ஆல்கலி, மிளகாய்த் தூள் அல்ல) போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். குமிழின்மேல் இருந்ததைப் பிசுக்கு என்று சொல்வதே பொருந்தாது. தார் உருகி இறுகியது போல, கறுப்பாக, இரண்டு மி.மீ. தடிமனுக்குப் படிந்திருந்தது. இரும்பால் சுரண்டக் கூடாது என்று தோன்றியதால் மர அகப்பையின் காம்பால் நெருடினேன். முட்டை ஓடு உரிவதுபோல் உரிந்து, உள்ளே பளபளவென்று எஃகு தெரிந்தது. இடது தொட்டியின் குமிழ் காலையில் 1121 ஓமும், சூடேறிய பிறகு 1680 ஓமும் காட்டியது. வலதும் அதை ஒட்டியே இருந்தது. சென்சாரில் பழுதே இல்லை. கீழ்க்கோடும் கிடைத்தது, ஐயா சொன்னபடியே பிசுக்குக்குள் புதைந்திருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கூட்டம் இருந்தது. கூடையைத் தூக்கிய சற்று நேரத்துக்கெல்லாம் பம்ப் ஓடுகிறது, நிற்கிறது. வழியவும் இல்லை, இறங்கவும் இல்லை. மதியத்தில் ஐந்தாறு கூடைக்கு ஒருமுறை ஒரு கூடையை வேண்டுமென்றே தாமதித்து இறக்கி, கருவிக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறேன்.

கீழக்கரைக் காக்கா போட்ட கணக்கு என்னை யோசிக்க வைத்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். நாட்டுப்படகில் வரும் கணவாயை மட்டும் நம்பிக் கடை நடத்தும் அந்த நாட்களில் என் விற்பனை மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்போது இரண்டு தொட்டியையும் ஓட்டலாமா? ஒன்றை மூடினால் பம்ப்பையும் குழாய்களையும் என்ன செய்வது? தொண்டி அண்ணனிடம் ஒரு வார்த்தை: பையனும் வைத்திருக்கிறேன், டேப்பை இறுக்கிச் சுற்றியவன் அவன்தான்.

தொண்டி சுக்குக்காப்பி

சுற்றச் சொன்னவன் யார், நீர்தானே? பையனைத் திட்டாதீர்.

தேவிபட்டினத்தான்

டின் உள்வாங்கியதை நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். வெளிநாட்டில் இதே வேலைக்கு அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் கேன் வைத்து 35 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 16 கிலோ எண்ணெய் வரும். அங்கும் கேனின் வாயை இறுக்கி மூடிவிட்டுப் பம்ப் கெட்டுவிட்டதென்று என்னைக் கூப்பிடுவார்கள்.

தடைக்காலத்துக்கு ஒரு தொட்டி போதும். விற்பனை மூன்றில் ஒன்றானால், இரண்டு தொட்டியில் பரவும் புது எண்ணெய் இரண்டையும் காப்பாற்றாது. ஒரே தொட்டியில் சேர்ந்தால் அது ஓரளவு தாக்குப்பிடிக்கும். அப்படியும் கழிவது கூடுவதற்கு ஈடாகாது என்பதால் தொட்டியை நாள் கணக்குப் பார்த்து வடித்து மாற்றத்தான் வேண்டும். வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், தள்ளுவண்டிக்காரருக்கும் விற்காதீர்கள்; பயன்படுத்திய எண்ணெயைப் பயோடீசலுக்குச் சேகரிக்கும் திட்டத்தை அதே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது, அதில் பதிவுபெற்ற சேகரிப்பாளர்களிடம் கொடுக்கலாம்.

மூடும் தொட்டியைக் காரத்தூள் போட்டுக் கழுவி, துளித் தண்ணீர் இல்லாமல் துடைத்து மூடிவையுங்கள். கவனிக்க வேண்டியது அந்தத் தொட்டிக்குப் போகும் குழாய். அதற்குள் தங்கும் எண்ணெய் இரண்டு மாதம் அசையாமல் இருந்தால், பம்ப்புக்கு அப்பால் அடுப்புச் சூடு படும் பகுதியில் கோந்துபோல் இறுகும். மூடும் நாளில் டின்னை எடுத்துவிட்டுப் பம்ப்பைச் சிறிது நேரம் காற்றில் ஓடவிட்டு, குழாயில் இருப்பதைத் தொட்டிக்கே தள்ளிவிட்டு, அதையும் துடைத்துவிடுங்கள். நெடுநேரம் வறட்டு ஓட்டம் ஓட்டக் கூடாது. எண்ணெய் வருவது நின்றதும் நிறுத்திவிடுங்கள். மறுபடி தொடங்கும் நாளில் குழாய் நிறைய வேண்டியிருப்பதால் முதல்முறை ஆரஞ்சு விளக்கு எரியலாம், பதற வேண்டாம். ரீசெட் செய்து இன்னொரு முறை ஓடவிட்டால் எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியின் அடியில் வடிகால் கைப்பிடி இருக்கிறதல்லவா, அதை ஒட்டி நகக்கண் அளவு ஒரு சுவிட்ச் இருக்கும். கைப்பிடி திறந்தால் பர்னரையும் பம்ப்பையும் நிறுத்தச் சொல்வது அந்தச் சுவிட்ச்தான். அது உப்பில் ஒட்டிப்போயிருந்தால், எண்ணெயை வடிகட்டத் திறக்கும்போது மட்டம் இறங்கிக் குமிழ் ஆறும். கருவி அதைக் குறையென்று எண்ணி, டின்னில் இருப்பதையெல்லாம் திறந்த தொட்டி வழியாகக் கீழே கொட்டிவிடும். ஒரு கடையில் இரவு 11 மணிக்கு இப்படி முக்கால் டின் புது எண்ணெய் வடிகட்டும் தட்டை நிறைத்துத் தரையில் ஓடியதைத் துடைக்க நானும் சேர்ந்து மண்டியிட்டிருக்கிறேன். நாளைக் காலை, பற்றவைப்பதற்கு முன், டின்னை வெளியே எடுத்துவைத்துவிட்டு, கைப்பிடியைத் திறந்து மூடும்போது க்ளிக் என்ற ஓசை கேட்கிறதா என்று பாருங்கள்.

மண்டபம் மீன்கடை

பார்த்தேன், ஐயா. இடதில் கேட்கிறது. வலதில் கேட்கவில்லை, அழுத்தினால் உள்ளே போன பொத்தான் திரும்பி வரவே இல்லை. ராமநாதபுரத்தில் எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டு, அதே அளவுச் சுவிட்ச் வாங்கிவர ஆள் அனுப்பியிருக்கிறேன். அது வரும் வரை வலது தொட்டியைப் பற்றவைக்கவில்லை.